துறை தொட்டுச் செல்லும் வள்ளம்

கடற்பயணம் இரு வகைப்படும். ஒரு கரையினின்று புறப்பட்டு, நாள்கணக்கில் நீரன்றி வேறெதுவும் காணாது மறுகரை சேர்வது ஒன்று. கரையைக் கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே வைத்துக்கொண்டு, துறைக்குத் துறை இறங்கி, ஊர் பார்த்து, நன்னீர் பருகி, மீண்டும் பாய் விரித்துச் செல்வது மற்றொன்று. முன்னது வணிகர்க்கும் வீரர்க்கும் உரியது. பின்னது யாருக்கு உரியது? கணவனும் மனைவியுமாய் இல்லறம் நடத்துவோர்க்கு உரியது என்று விடை கூறவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

கடலுக்கும் குந்தாரப்பள்ளிக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் வினவலாம். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே, தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில், மாந்தோப்புகளும் பாறைக் குன்றுகளும் சூழ அமைந்த ஊர் இது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கும். வெள்ளிதோறும் கூடும் ஆட்டுச் சந்தையால் பிற மாநிலத்தவரும் அறிந்த ஊர். எத்திசையில் சென்றாலும் கடல் இங்கிருந்து நெடுந்தொலைவு. ஆயினும், வேப்பனப்பள்ளிப் பக்கமாக வரும் மார்க்கண்டேய நதி கிருஷ்ணகிரி அணையில் தென்பெண்ணையோடு சேர்கிறது. தென்பெண்ணையோ கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. நம் ஊர் நீர் கடலை அறியும், நாம்தான் அறியோம்.

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அன்று தொடங்கிய ஆலைகளின் அணிவகுப்பு இன்று சூளகிரி, குருபரப்பள்ளி, பர்கூர், போச்சம்பள்ளி என நீண்டு வளர்ந்திருக்கிறது. மானாவாரி நிலத்தையே நம்பியிருந்த வீடுகளில் மாதச் சம்பளம் நுழைந்தது. பெண்கள் தம் உழைப்பின் ஊதியத்தைத் தம் கையில் பெற்றார்கள். இவற்றையெல்லாம் நன்றியோடு ஏற்கிறோம். ஆனால், விடியற்காலை நான்கரை மணிக்கும் நள்ளிரவுக்குப் பின்னும் கூட்டுரோட்டில் வந்து நிற்கும் ஆலைப் பேருந்துகளைப் பார்க்கையில், நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. இறங்கும் கணவனும் ஏறும் மனைவியும் ஒருவரையொருவர் எப்போது காண்கிறார்கள்?

நம் பங்கில் அத்தகைய தம்பதியர் ஒருவர் உண்டு. கணவர் தூத்துக்குடி மாவட்டத்து வேம்பாரில் பிறந்தவர். ஐ.டி.ஐ. படிப்பை முடித்துக்கொண்டு, தந்தையும் பாட்டனும் தொழில் செய்த கடலை விட்டு, 1990களில் ஓசூருக்கு வேலை தேடி வந்தவர். மனைவி கிருஷ்ணகிரிக்கு அருகேயுள்ள பழைய கத்தோலிக்கச் சிற்றூர் ஒன்றின் மகள்; மின்னணுப் பொருள்கள் செய்யும் ஆலையில் பணிபுரிகிறார். 2000ஆம் யூபிலி ஆண்டில் திருமணம். இவருக்குப் பிற்பகல் ‘ஷிப்டு’ என்றால் அவருக்குக் காலை ஷிப்டு. அவருக்கு வார விடுமுறை கிடைக்கும் நாளில் இவருக்குக் கூடுதல் நேர வேலை. வீட்டுச் செய்திகள் எல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள்களில் நடந்தன. குழம்பு மேல்தட்டில் இருக்கிறது, மின்கட்டணம் கட்டியாயிற்று, மகளுக்குக் காய்ச்சல், மருந்து கொடுத்தேன். இப்படியே ஆண்டுகள் ஓடின. மகள் 2023இல் கல்லூரி விடுதிக்குச் சென்றபின், ஒட்டுவதற்குரிய செய்திகளும் குறைந்துவிட்டன.

ஒருநாள் மாலை அந்த அம்மா பங்கு இல்லத்துக்கு வந்தார். நெடுநேரம் பேசாதிருந்தவர், “சாமி, எங்களுக்குள்ள சண்டையே இல்லை. அதுதான் பயமா இருக்கு” என்றார். திருமண வழக்குகளில் எத்தனையோ குற்றச்சாட்டுகளைக் கேட்டிருக்கிறோம். குடி, அடி, ஐயம், வரதட்சணை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. இதற்குப் பெயரில்லை. குற்றவாளியும் இல்லை. வெள்ளிவிழாவுக்கு விருந்து வைக்கலாமா என்று கணவர் கேட்டதாகவும், யாரோ இருவருக்கு விருந்து வைப்பதுபோல் இருக்கிறது என்று தாம் மறுத்ததாகவும் கூறினார். பிறகு சற்றுத் தயங்கி, “இருபத்தஞ்சு வருசமா கடல்காரர் வீட்டுல வாழ்க்கைப்பட்டிருக்கேன். வள்ளத்துல ஒருநாள்கூட ஏறினதில்லை” என்றார்.

பயணத்துக்கு அதுவே வித்து.

முத்துக்குளித்துறையின் ஏழு கடற்றுறைகள் நம் வாசகர்க்குப் புதியன அல்ல. வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டணம், திருச்செந்தூர், மணப்பாடு என வடக்கிலிருந்து தெற்காக அவற்றை எண்ணுவர். 1542இல் புனித சவேரியார் வந்து கால்நடையாகவும் தோணியிலும் மறைபரப்பிய கடற்கரை அது. வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை நேர்கோட்டில் 85 கிலோமீட்டர் அளவே இருக்கும். பேருந்தில் சில மணி நேரத்தில் கடந்துவிடலாம். அதனை மூன்று நாளில், தம் சிற்றப்பா மகனின் வள்ளத்தில், துறை துறையாக இறங்கிச் செல்வது என்று கணவர் திட்டமிட்டார். 2025, மீண்டும் யூபிலி ஆண்டு. பொங்கல் விடுமுறையை ஒட்டி வியாழன் முதல் சனி வரை நாள் குறித்தாயிற்று. தியான உரைக்காக நாமும் அவ்வாரம் தூத்துக்குடிப் பக்கம் செல்லவேண்டியிருந்தது. “சாமியும் வரணும்” என்று இருவரும் தனித்தனியே வந்து அழைத்தார்கள். இருவரும் சேர்ந்து வந்து அழைக்க இயலாமையும் அந்த அழைப்பில் அடங்கியிருந்தது. ஓசூர் வழியே செல்லும் மைசூர் – தூத்துக்குடி விரைவு இரயிலில் ஏறினோம்.

வேம்பார்க் கரையில் ஒரு தடை எழுந்தது. பெண்ணை வள்ளத்தில் ஏற்றுவதா என்று முதிய அத்தை ஒருவர் முகம் சுளித்தார். கடலுக்குச் செல்வது ஆண்; கரையில் நின்று காப்பது பெண் என்பது அக்கரையின் பழைய ஒழுங்கு. வள்ளக்காரத் தம்பி சிரித்துக்கொண்டே, “கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு வருசாவருசம் குடும்பம் குடும்பமா படகுல போறாவளே, அதுக்கு என்ன சொல்லுத?” என்றார். அத்தைக்கு விடை தோன்றவில்லை. சிலுவை அடையாளம் வரைந்து வழியனுப்பினார்.

சனவரியில் அக்கடலில் வாடைக் காற்று வீசும். வடக்கிலிருந்து தெற்கே செல்வோர்க்கு அது முதுகில் கைவைத்துத் தள்ளும் தோழன். இயந்திரம் பொருத்திய வள்ளமே ஆயினும், கரையை விட்டு விலகியதும் தம்பி அதனை நிறுத்திவிட்டுப் பாயை விரித்தார். ஒலி அடங்கியது. துணி காற்றை வாங்கும் ஓசையும், பலகையை நீர் தடவும் ஓசையும் மட்டுமே எஞ்சின. அந்த அமைதியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். வள்ளத்தில் அடுத்த அறை கிடையாது, தொலைக்காட்சி கிடையாது, எழுந்து போவதற்குரிய சாக்கு எதுவும் கிடையாது. முதல் ஒரு மணி நேரம் இருவரும் கடலையே பார்த்தார்கள். பின்னர் அம்மாவுக்குத் தலை சுற்றியது. கணவர் எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கருகே பிடித்தார். அவர் கை கயிற்றையும் பாயையும் மறந்திருக்கவில்லை என்பதை மனைவி வியப்போடு கவனித்ததை நாமும் கவனித்தோம். ஆலைச் சீருடையில் மட்டுமே பார்த்த மனிதரை அவர் புதிதாகப் பார்த்தார்.

வைப்பாரில் இறங்கிக் கருப்பட்டிக் காபி பருகி மீண்டும் புறப்பட்டபோது, தம்பி தொழிலைப் பற்றிப் பேசினார். இரவில் வலை விரித்துவிட்டுக் கடலில் கிடக்கும்போது எல்லாரும் ஒருசேர உறங்குவதில்லை. ஒருவர் விழித்திருந்து விளக்கையும், வரும் கப்பலையும், நீரோட்டத்தையும் பார்க்க, மற்றவர் உறங்குவார். பிறகு முறை மாறும். கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “எங்க வீடு மாதிரியேதான்” என்றார். சொல்லில் வருத்தமில்லை, உண்மை இருந்தது. தம்பி சுக்கானைத் திருப்பிக்கொண்டே, “ஆனா மைனி, நாங்க விடிஞ்சா கரைக்கு வந்துருவோம்லா” என்றார்.

அவ்வளவே. அவர் அறிவுரை கூறவில்லை. ஆயினும் அந்த ஒரு சொல் மூன்று நாளும் நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

இங்கிலாந்து நாட்டு எரிக் ஹிஸ்காக், சூசன் ஹிஸ்காக் தம்பதியர் 1952 முதல் 1955 வரை ‘வாண்டரர் மூன்று’ என்னும் 30 அடி நீளப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தவர்கள். கடலோடும் தம்பதியர்க்கு அவர்கள் முன்னோடிகள். இருவர் மட்டுமே செல்லும் படகைப் பற்றி நிலத்தில் வாழும் நாம் தவறாக எண்ணிவிடுகிறோம். இருவர், ஒரு படகு, எங்கும் கடல். இதைவிட நெருக்கம் வேறேது என்று கருதுகிறோம். உண்மை வேறு. பெருங்கடலில் ஒருவர் உறங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை காவல் மாறும். மாறும் அந்தச் சில நிமிடத்தில் காற்றையும் திசையையும் பற்றி இரண்டு சொற்கள். பின் ஒருவர் மேல்தளத்தில், ஒருவர் படுக்கையில். ஒரே படகில் இருந்தும், வாரக்கணக்கில் தனித்தனியே பயணம். துறையில் நங்கூரம் இறங்கிய பின்னரே இருவரும் ஒரே நேரத்தில் உண்டு, ஒரே நேரத்தில் உறங்குகிறார்கள். துறை என்பது படகுக்கு மட்டும் ஓய்வன்று. இருவர் மீண்டும் இணையராவதும் அங்கேதான். நம் தொழிற்பகுதியின் இல்லங்கள் பெருங்கடல் ஓடும் படகுகள். காவல் முறை தவறாமல் நடக்கிறது, வட்டிக்கடன் அடைகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். துறைதான் வரவில்லை.

முதல்நாள் பிற்பகல் தூத்துக்குடியில் நாட்டு வள்ளங்கள் அணையும் திரேஸ்புரத்தில் இறங்கினோம். இறங்குமுன் தம்பி கடலுள் ஓரிடத்தைச் சுட்டி, இந்தப் பக்கத்துத் தீவுகளில் விலாங்குசல்லி என்னும் தீவு இன்று நீருக்குள் மூழ்கிக் கிடப்பதைச் சொன்னார். சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் முன்னாளில் பவளப்பாறையைப் பல்லாண்டு வெட்டியெடுத்தார்கள். அலையைத் தாங்கிய பாறை குறைந்தது, தீவு கரைந்தது. வான் தீவைக் காக்க அரசு செயற்கைப் பவளத்திட்டுகளைக் கடலில் இறக்கியிருக்கிறது. “தண்ணிக்கு அடியில நடந்தது யாருக்குத் தெரியும்?” என்று அம்மா தமக்குத்தாமே கூறிக்கொண்டார்.

பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் தோணிகளைக் கண்டோம். 1713இல் எழுந்து, 1982இல் பேராலயமாக உயர்த்தப்பட்ட பனிமய மாதா ஆலயத்தில் இருவரும் முழந்தாளிட்டார்கள். பின்னர் கடைத்தெருவுக்குச் சென்று, முந்திரி சேர்த்த மக்ரூன் வாங்கினார்கள். மகளுக்கு எத்தனை, அக்கம்பக்கத்தார்க்கு எத்தனை என்பதில் அவர்களிடையே ஒரு சிறு பூசல். கடைக்காரர் தராசைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். சண்டையே இல்லை என்று அஞ்சிய அம்மா, கால் கிலோவுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். நாம் தலையிடவில்லை. உள்ளூர மகிழ்ந்தோம்.

மறுநாள் புன்னைக்காயல். தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்துவாரம். மணல்திட்டுக்கு அஞ்சித் தம்பி மிக மெதுவாக வள்ளத்தை ஆற்றுக்குள் செலுத்தினார். தமிழ் அச்சுக்கலையின் தொடக்க வரலாற்றில் இடம்பெற்ற ஊர் இது. அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அவர்தம் ‘அடியார் வரலாறு’ 1586இல் இங்கு அச்சேறியது என்பர். 1600இல் அவர் இவ்வூரிலேயே உயிர் நீத்தார். இவற்றையெல்லாம் நாம் எடுத்துரைத்தபோது தம்பதியர் பணிவோடு கேட்டார்கள். ஆனால், அவர்களை நிறுத்திச் சிந்திக்க வைத்தது அச்சு வரலாறு அன்று, ஆற்றின் வரலாறே.

பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கை. இன்று கொற்கையில் நின்றால் கடல் தெரியாது; சில கிலோமீட்டர் கிழக்கே நடக்கவேண்டும். ஆறு ஆண்டுதோறும் கொணர்ந்த வண்டல் துறையைத் தூர்த்தது. கப்பல்கள் காயலுக்கு மாறின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்த காயல் அது. அதுவும் தூர்ந்து பழைய காயல் ஆயிற்று. பின்னர் புன்னைக்காயல்; அதன்பின் தூத்துக்குடி. எதிரி படையெடுத்து அழித்த துறைகள் அல்ல இவை. எவரும் வஞ்சிக்கவில்லை. உயிர்தரும் அதே ஆறு, ஒவ்வொரு வெள்ளத்திலும் கைப்பிடி மண்ணாகக் கொணர்ந்து நிரப்பியதே காரணம். 2023 திசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியதே, அவ்வெள்ளமும் தன் பங்கு மண்ணைச் சுமந்தே சென்றிருக்கும்.

“அப்ப என்ன செய்யணும் சாமி?” என்று கேட்டார் கணவர். அவர் கேட்டது கொற்கையைப் பற்றி அன்று என்பதை மூவரும் அறிந்திருந்தோம். தம்பிதான் விடை சொன்னார்: “ஒண்ணு, தோண்டணும். இல்லைன்னா, வேற இடத்துல துறை பார்க்கணும். படகை விட்டுட்டா போறோம்?”

அன்றிரவு வீரபாண்டியன்பட்டணத்தில் தங்கினோம். பங்கு இல்லத்து மாடியில் நமக்கு இடம் கிடைத்தது. கீழே மணலில், இழுத்து வைத்த வள்ளத்தின் நிழலில், இருவரும் அமர்ந்திருந்தார்கள். பேச்சொலி நெடுநேரம் கேட்டது; நடுவே ஒருமுறை அழுகை ஒலியும் கேட்டது; பின்னர் சிரிப்பு. என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை. அவர்களும் கூறவில்லை. குருவானவர் அறிய வேண்டாதனவும் இல்லறத்தில் உண்டு.

மூன்றாம் நாள் காற்று சீராக வீசியது. கடலிலிருந்து பார்ப்போர்க்குத் திருச்செந்தூர்க் கோபுரம் முதலில் ஒரு விரலாகத் தெரிந்து, பின் மெல்ல மெல்ல உயரும். எம்மதத்து மீனவரும் அதனைக் கரைக்குறியாகக் கொள்வதைத் தம்பி பெருமையோடு கூறினார். ஆலந்தலை ஆலயத்தையும், இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்ற குலசேகரன்பட்டினத்தையும் கடந்தோம். அங்கே கணவர் மனைவியிடம் சுக்கானைக் கொடுத்தார். முதலில் அவர் மிக இறுகப் பிடித்தார். வள்ளம் பாம்புபோல் நெளிந்தது. “கையைத் தளர்த்து, தூரத்துல இருக்கிற கோயிலைப் பாரு, தண்ணியைப் பார்க்காதே” என்றார் கணவர். அவர் தொலைவில் மணப்பாட்டுக் குன்றின்மேல் வெண்மையாய்த் தோன்றிய திருச்சிலுவை ஆலயத்தைப் பார்த்தார். வள்ளம் நேராயிற்று. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒரே கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாம் ஏதும் பேசாதிருந்தோம்.

1540இல் கடலில் இடுக்கண் உற்ற போர்த்துக்கீசியக் கப்பலின் முறிந்த பாய்மரத்தால் சிலுவை செய்து அக்குன்றில் நட்டார்கள் என்று மணப்பாட்டு மரபு கூறுகிறது. 1581இல் ஆலயம் எழுந்தது. குன்றின் அடியில் கடலை நோக்கிய குகையில் சவேரியார் தங்கிச் செபித்தார் என்பர். மணல்திட்டின் ஓரம் வள்ளம் நின்றதும் கணவர் முதலில் இறங்கிக் கைநீட்டினார். “இருங்க, நானே இறங்குறேன்” என்று அம்மா முழங்கால் நீரில் குதித்துவிட்டார். சேலை முழுதும் நனைந்தது. இருபத்தைந்து ஆண்டுக்கு முன் எடுத்த கூறைச்சேலையை அவர் வேறு பையில் பத்திரமாக வைத்திருந்தார். மறுநாள் ஞாயிறு. அக்கரைக் கத்தோலிக்கர் ஞாயிறன்று தொழிலுக்குப் போவதில்லை. கரையெங்கும் ஓய்ந்து நின்ற வள்ளங்களினூடே நடந்து, குன்றேறி, நன்றித் திருப்பலி நிறைவேற்றினோம்.

அப்பலியின்போது நம் நினைவுக்கு வந்தோர் அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும். கூடாரம் செய்யும் தொழிலாளத் தம்பதியர். கிளவுதியு மன்னனின் ஆணையால் உரோமையை விட்டு வெளியேறி, கொரிந்தில் தங்கி, பின் பவுலடியாரோடு கெங்கிரேயாத் துறையில் கப்பலேறி எபேசு சேர்ந்ததைத் திருத்தூதர் பணிகள் 18ஆம் அதிகாரம் தெரிவிக்கிறது. புதிய ஏற்பாட்டில் ஆறு இடங்களில் அவர்கள் பெயர் வருகிறது. ஆறிலும் இருவர் பெயரும் சேர்ந்தே வருகின்றன; ஓரிடத்திலேனும் ஒருவர் மட்டும் தனித்து வரவில்லை. ஊர் மாறியது, துறை மாறியது, தொழிற்கூடம் மாறியது. அந்த இரு பெயர்களுக்கு இடையே மட்டும் எதுவும் நுழையவில்லை. தொழிலாளர் குடும்பங்களுக்கு இவர்களைவிடப் பொருத்தமான காவலர் யார்?

பயணத்தால் எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது. ஷிப்டு மாறவில்லை, கடன் குறையவில்லை. திரும்பி வந்தபின் அவர்கள் செய்தது ஒன்றே. அம்மா தம் வார விடுமுறையை வெள்ளிக்கிழமைக்கு மாற்றும்படி கேட்டுப் பெற்றுக்கொண்டார். கணவருக்கு ஷிப்டு வாரந்தோறும் மாறுவதால், மூன்று வாரத்தில் இரண்டு வாரம் வெள்ளிக் காலை இருவருக்கும் பொதுவாகிறது. அக்காலையில் சந்தைக்குச் செல்கிறார்கள். ஆடு வாங்குவதற்கன்று, பார்ப்பதற்கே. விலை பேசுவோரின் கைகள் துண்டுக்குள் மறைவதையும், துள்ளும் குட்டிகளையும் பார்த்துவிட்டு, ஒரு தேநீர் அருந்தி, வீடு திரும்புகிறார்கள். மாதம் ஒருமுறை கிருஷ்ணகிரி அணை. அவ்வளவே அவர்தம் துறைகள். “பேசுறதுக்கு விசயம் கிடைக்குது சாமி” என்கிறார் அம்மா. தம்மைப் பற்றியே பேசிக்கொள்ள முனைந்தபோது சொல் வறண்டது; மூன்றாவதாக ஒன்றைச் சேர்ந்து பார்த்தபோது சொல் ஊறியது. ஊர் பார்க்க இறங்குவது வீண்பொழுது அன்று என்பதை நாமும் அவர்களிடமிருந்தே கற்றோம்.

இங்கே ஆலை நடத்துவோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் உழைப்போரின் ஓய்வை உரிமையாக நிலைநாட்டினார். ஓய்வு உடலுக்கு மட்டும் உரியதன்று. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே நாளில் வார விடுமுறை தருவது எந்திரத்துக்கு இழப்பன்று. குடும்பத்துக்கோ அது துறைமுகம். ஒரே ஆலையில் பணிபுரியும் தம்பதியர்க்கேனும் இதனை வழங்க இயலாதா?

அன்பர்களே, உங்களில் பலருக்குக் கடலும் கிட்டாது, வள்ளமும் கிட்டாது. கிட்டவேண்டியதும் இல்லை. முழு ஓய்வு பெற்றபின் சேர்ந்து வாழலாம், பிள்ளைகள் நிலைபெற்றபின் பேசிக்கொள்ளலாம் என்று மறுகரையைக் குறித்துப் பெருங்கடலில் இறங்கிவிடாதீர்கள். மறுகரையில் இறங்கும்போது இருவரும் அந்நியராகிவிடலாம். கரையோரமாகவே ஓடுங்கள். அடுத்த துறை எது, எந்நாள் என்பதைப் புறப்படுமுன்னரே குறித்துக்கொள்ளுங்கள். குறித்த நாளில் காற்று எவ்வளவு சாதகமாக வீசினாலும் நங்கூரம் இறக்குங்கள். இறங்காத துறையில் ஆண்டுதோறும் மண் சேரும், எவரும் அறியார். ஒருநாள் தேடிச் செல்கையில் கடல் எட்ட விலகிப் போயிருக்கும். தூர்ந்திருந்தால் தோண்டுங்கள், தோண்ட முடியாவிடில் வேறு துறை தேடுங்கள். இந்த வாரத்தில் உங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு மணி நேரம் எது என்பதை, இவ்விதழை மூடி வைத்ததும், நாட்காட்டியின்முன் சேர்ந்து நின்று பாருங்கள்.